கோடெக்: ‘சுருள்விரி’ என்னும் சொல் பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

காணொளியையும் ஒலியையும் சுருக்கவும் மீண்டும் விரிக்கவும் உதவும் நிரலாகிய கோடெக்குக்குத் தமிழில் ‘குறிநீக்கி’ போதும் என்று நம் குழுவின் ஐயா சென்ற மடலில் எழுதியிருந்தார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. குறியாக்கி (coder), குறிவிலக்கி (decoder) ஆகிய இரண்டையும் சுட்டும் ஆங்கிலச் சொற்களின் தலைப்பகுதிகளை ஒட்டிப் பிறந்த சொல் கோடெக். ‘குறிநீக்கி’ பின்பாதியை மட்டுமே சொல்கிறது.

பேரகணி ஹெத்தையம்மன் திருவிழாவைக் கைப்பேசியில் எடுத்த நண்பர் ஒருவர், 11 ஜிபி கோப்புடன் கோத்தகிரியில் என்னிடம் வந்தார். ஒலி கேட்கிறது, திரை கறுத்துக் கிடக்கிறது. எம்பி4 தானே, ஏன் ஓடவில்லை என்பது அவர் கேள்வி. பின்னொட்டை ஏவிஐ என்று திருத்தியும் பார்த்திருக்கிறார். இரவெல்லாம் ஏதோ ஒரு மாற்றியில் ஓடவிட்டுப் படம் மங்கியதுதான் மிச்சம். கோப்பின் உள்விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ செயலியில் மூலக்கோப்பைத் திறந்தபோது, உள்ளே இருந்தது 2013இல் வந்த எச்.265 என்னும் சுருக்கமுறை என்று தெரிந்தது. அவருடைய பழைய கணினிக்கோ 2003இன் எச்.264 வரைதான் பழக்கம். எம்பி4 என்பது படத்தையும் ஒலியையும் வைக்கும் பேழையின் (container) பெயரே அன்றி உள்ளிருக்கும் சரக்கின் பெயரன்று.

முதலில் ‘மடிவிரி’ என்று எண்ணினேன். மடித்த வேட்டியில் நூல் குறைவதில்லையே என்று விட்டுவிட்டேன். எங்கள் மலையில் உருட்டி உலர்த்திய முழு இலைத் தேயிலையை வெந்நீரில் இட்டால், சுருள் அவிழ்ந்து இலையின் வடிவம் திரும்பும், ஆனால் பறித்த பச்சை இலை திரும்பாது, எச்.264 போன்றவை காணொளிக்குப் பெரும்பாலும் செய்வதும் இதுவே. ஆகவே ‘சுருள்விரி’ என்று முன்மொழிகிறேன். எஃப்எல்ஏசி போன்ற, எதையும் இழக்காமல் ஒலியைச் சுருக்கும் வகைகளுக்கு உவமை நொண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், சொல் நொண்டாது. உறுப்புகளைச் ‘சுருளாக்கி’, ‘விரிப்பி’ எனலாம் (‘சுருட்டி’ என்றால் இசையன்பர்கள் இராகத்தைத் தேடுவார்கள்).

இன்னொன்று. படத்தைத் தொடாமல் எம்கேவி என்னும் வேறொரு பேழையிலிருந்து எம்பி4க்கு மாற்றுவது சில நிமிட வேலை, தரமும் குறையாது. சுருளை அவிழ்த்து வேறு முறையில் மீண்டும் சுருட்டுவது பல மணி நேரம் பிடிக்கும், தரமும் பெரும்பாலும் குறையும். இரண்டையும் ‘மாற்றம்’ என்றே எழுதிவருகிறோம். முன்னதைப் ‘பேழைமாற்றம்’ என்றும் பின்னதை ‘மறுசுருளாக்கம்’ என்றும் பிரிப்பதில் ஐயாவுக்கு உடன்பாடு உண்டா? பேழைக்குக் ‘கொள்கலன்’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே என்பார்கள். ‘கொள்கலன்மாற்றம்’ என்று ஒரு பொத்தானில் பொறித்துப் பாருங்கள்.