ப்ரோஷர் படத்தில் இருக்கிற கட்டடம் அப்படியே எழும்புமா?

புதுமனை: இன்னும் அஸ்திவாரம் போடாத அடுக்குமாடித் திட்டம். படத்தில் தரையிலிருந்து கூரை வரை தெளிவான கண்ணாடி, மெலிந்த தளங்கள், நடு மாடித் தோட்டத்தில் நெடிய மரங்கள். கட்டி முடித்தபின் இதில் எவ்வளவு மிஞ்சும்? முன்பணம் கட்டும் முன் எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்?

முகப்புவேலை: உருவம் பெரும்பாலும் மாறாது. மாடி எண்ணிக்கை, பால்கனி இடம் எல்லாம் அனுமதி வரைபடத்தில் பதிந்துவிடும். மாறுவது மேற்பரப்புதான்.

முதலில் கண்ணாடி. படத்தை அந்தி நேரத்தில் வைத்து எல்லா வீட்டிலும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். உள்ளே வெளிச்சம் கூடினால்தான் கண்ணாடி வழியே உள்ளே தெரியும். பகலில் வெளியே வெளிச்சம் அதிகம். அதே கண்ணாடி வானத்தைப் பிரதிபலித்துக் கறுத்து நிற்கும். வெப்பம் தடுக்கும் பூச்சு சில வகைகளில் இதை இன்னும் கூட்டும். சாதாரணக் கண்ணாடியில் உள்ள இரும்பால் லேசான பச்சையும் வரும். இரும்பு குறைந்த கண்ணாடிக்கு விலை அதிகம்.

அடுத்து ஸ்லாப் (மாடியின் கான்கிரீட் தளம்) விளிம்பு. கர்ட்டன் வால் என்றால் கண்ணாடி ஸ்லாபுக்கு வெளியே தொங்கும், முகப்பு ஒரே பரப்பாகத் தெரியும். செலவைக் குறைக்க அதை விண்டோ வாலாக மாற்றுவது வழக்கம். அப்போது கண்ணாடி ஒரு ஸ்லாபுக்கும் மேல் ஸ்லாபுக்கும் நடுவே நிற்கும். ஸ்லாப் விளிம்பு மாடிக்கு ஒரு பட்டையாக, சுமார் 200 மி.மீ., முகப்பு முழுக்க ஓடும். படத்தில் இருந்த மெலிவு அங்கேயே போய்விடும். வெட்டுத்தோற்ற வரைபடத்தைக் கேளுங்கள்: கண்ணாடிக் கோடு ஸ்லாபைத் தாண்டிப் போகிறதா, ஸ்லாபின் மேல் நிற்கிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

குழாயும்_டக்டும்: படத்தில் இல்லாததைத் தேடுங்கள். ஏசி அவுட்டோர் யூனிட் எங்கே? சமையலறைப் புகை எந்த ஜாலி (துளையுள்ள தடுப்பு) வழியாக வெளியேறுகிறது? மழைநீர்க் குழாய், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் மெஷின் ரூம்? இவை எலிவேஷன் வரைபடத்தில் (வெளிப்புறத்தை நேராகக் காட்டும் படம்) இல்லையென்றால், ஏசி யூனிட்டும் குழாயும் கடைசியில் உங்கள் பால்கனி மூலையில் வந்து உட்காரலாம், தொட்டியும் மெஷின் ரூமும் கூரைக்கு மேல் துருத்தி நிற்கலாம்.

மரங்களுக்கு மண் ஆழம் வேண்டும். 45 செ.மீ. தொட்டியில் புதர்ச்செடிதான் வளரும். மரத்துக்குக் குறைந்தது ஒரு மீட்டராவது தேவை. ஒரு கன மீட்டர் ஈர மண் ஏறக்குறைய 1.8 டன். அந்தச் சுமைக்கு ஸ்லாபைத் தொடக்கத்திலேயே கணக்கிட்டிருக்க வேண்டும், பிறகு சேர்ப்பது மிகவும் கடினம். "தோட்டத்தில் மண் ஆழம் எவ்வளவு?" என்று எழுத்தில் கேளுங்கள்.

உள்ளளவு: வீட்டின் உட்புறப் படமும் அப்படித்தான். அகலக் கோண லென்ஸ், சுவரையே எடுத்துவிட்டு வெளியிலிருந்து வைத்த கேமரா. போதாததற்குச் சிறிய சோஃபா. தரைப்படத்தில் உண்மை அளவுகளை வரையுங்கள்: மூன்று பேர் சோஃபா 2.1 மீ., இரட்டைக் கட்டில் 1.5 × 2 மீ., கட்டிலைச் சுற்றி நடக்க 75 செ.மீ. பால்கனி ஆழம் 1.2 மீ. என்றால் படத்தில் இருக்கிற நான்கு பேர் மேசை அங்கே நிற்காது.

புதுமனை: ஒப்பந்தத்தில் "அல்லது அதற்கு இணையான பொருள்" என்று போட்டிருக்கிறார்கள்.

முகப்புவேலை: அந்த வரி இருக்கும்வரை படத்தை நம்ப முடியாது. கண்ணாடி வகை, முகப்பு முறை, பால்கனிக் கைப்பிடி, வெளிப்புறப் பலகை, இந்த நான்குக்காவது தயாரிப்பையும் மாடலையும் ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுதச் சொல்லுங்கள். கைப்பிடியை விட்டுவிடாதீர்கள்: படத்தில் சட்டமில்லாக் கண்ணாடி இருக்கும், வந்து சேர்வது ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு கம்பமாக இருக்கும்.