பூனையை ஒருநாள் ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டும், உதவி தேவை

வியாழக்கிழமை சிங்கப்பூரில் எங்கள் யீஷூன் வீட்டில் கழிவறை வேலை. ஆட்கள் வந்துபோவார்கள், கதவு திறந்தே கிடக்கும். அதனால் முத்துவை (4 வயது, ஆண், கருத்தடை செய்தது, மைக்ரோசிப் உண்டு) பாய லேபாரில் உள்ள ஆபீசுக்குக் கொண்டுபோகிறேன். முதலாளி சரி என்றுவிட்டார், சின்ன மீட்டிங் அறையும் தருகிறார். எம்ஆர்டி ரயிலில் விடமாட்டார்கள், செல்லப்பிராணி டாக்சிதான்.

சிக்கல் கேரியர் (பூனையைத் தூக்கிப்போகும் கூண்டு). இரண்டு வாரமாகக் கூடத்தில் திறந்தே வைத்திருக்கிறேன். என் பழைய சட்டையை விரித்தேன், சாப்பாட்டையும் உள்ளேயே வைத்தேன். தின்றுவிட்டு ராஜா மாதிரி வெளியே வந்துவிடுகிறான். கதவைச் சாத்தினால் ஐந்தே நிமிடத்தில் கத்தல், எச்சில் வேறு ஒழுகுகிறது. நேற்று புளோக்கைச் சுற்றி ஒரு நடை தூக்கிப்போனேன். உள்ளேயே மூத்திரம் போய்விட்டான். பூனை ஓட்டலில் போன தடவை இரண்டு நாள் சாப்பிடவே இல்லை, அது வேண்டாம்.

டாக்சியில் அரைமணி நேரம் அமைதியாக இருக்க உங்கள் பூனைக்கு எது பலித்தது?