கொண்டையைப் பார்த்துக் கோழி வாங்குங்கள்: கனடாக் குளிரும் முட்டைக்கோழியும்

கனடாவில் கோழி வளர்க்கும் மூன்று பேர் மாறி மாறிச் சொல்வது இது. ஒவ்வொருவர் பேச்சுக்கும் மேலே அவர் ஊர்.

ஒட்டாவா

குஞ்சு பொரிப்பகங்களின் பட்டியலில் பாதிக் கோழிக்கு மேல் ‘குளிர் தாங்கும்’ என்று போட்டிருக்கும். அதை நம்பி வாங்கினால் ஜனவரியில் தெரியும் சங்கதி. கோழியின் உடல்சூடு 41 டிகிரியை ஒட்டி இருக்கும். இறகை உப்பிக்கொண்டு நாலைந்து கோழி நெருங்கி உட்கார்ந்தால் மைனஸ் 20-ல்கூட உடம்பு தாங்கிவிடும். அடிபடுவது இறகில்லாத இடங்கள்: கொண்டை, தாடி (அலகுக்குக் கீழே தொங்கும் சதை), கால்விரல். அதனால் முதலில் கொண்டையைப் பாருங்கள், அடுத்து எடையை. முட்டைக் கணக்கு மூன்றாவதுதான்.

வெள்ளை லெகார்ன் வருஷம் 280 முட்டைக்கு மேல் போடும், தீனியும் குறைவு. ஆனால் இரண்டு கிலோ உடம்புக்குப் பெரிய ஒற்றைக் கொண்டை (ரம்பப் பல்போல நுனிகள் உள்ள ஒரே தகடு), அதுவும் பெட்டைக்கு ஒரு பக்கம் சரிந்து தொங்கும். அதன் நுனிதான் முதலில் உறையும்.

இந்தக் குளிருக்கென்றே உருவாக்கிய இனம் சான்டெக்லேர். கியூபெக்கில் ஓகா மடத்துத் துறவி வில்ஃப்ரிட் சாட்லன் 1908-ல் இனக்கலப்பைத் தொடங்கினார். கார்னிஷ், லெகார்ன், ரோட் ஐலண்ட் ரெட், வயன்டாட், பிளிமத் ராக் என ஐந்து இனம் சேர்ந்தது. 1921-ல் அமெரிக்க இனத்தரப் பட்டியலில் ஏறியது. கொண்டை மண்டையோடு ஒட்டிய சின்ன மெத்தைபோல இருக்கும். தாடி இருப்பதே தெரியாது. பெட்டை மூன்று கிலோ. வருஷத்துக்கு 200 முட்டை என்று கணக்கு வைத்தால் ஏமாற்றம் இருக்காது. ஒரு கொசுறுச் செய்தி: கார்னிஷ் இனத்தின் மூதாதை நம்ம ஊர் அசில் சண்டைக்கோழி. அதற்காக அசிலையே இங்கே வளர்க்க நினைக்காதீர்கள். கொண்டை சின்னதுதான், ஆனால் இறகு அடர்த்தியில்லை, முட்டையும் சொற்பம்.

வின்னிபெக்

மேலே சொன்னது சரி, ஆனால் இனத்தைவிட ஈரம்தான் பெரிய எதிரி. நல்ல காற்றோட்டம் உள்ள உலர்ந்த கூட்டில் மைனஸ் 25-ஐக்கூடத் தாங்கும் கொண்டை, புழுங்கிய கூட்டில் மைனஸ் 8-லேயே கருக்கும். மூச்சும் எச்சமும் இரவெல்லாம் ஈரத்தைக் கிளப்பும். குளிருக்குப் பயந்து எல்லா ஓட்டையையும் அடைத்தால் அது கொண்டையில்தான் படியும். காலையில் கூரையின் உள்பக்கம் பனிப்பூ பூத்திருந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். கோழி அடையும் கட்டையில் உட்கார்ந்திருக்கும்போது அதன் தலைக்கு ஒரு முழம் மேலே, கூரை ஓரமாக இரண்டு பக்கமும் திறப்பு விடுங்கள். கோழிமேல் நேராகக் காற்று அடிக்கக் கூடாது.

கட்டை நாலு அங்குல அகலம், தட்டையான பக்கம் மேலே. அப்போதுதான் கோழி விரலின்மேல் முழுதாகக் குந்தும். உருண்டைக் கம்பு வைத்தால் விரல் நுனி வெளியே நீட்டிக்கொண்டு உறையும். கட்டைக்குக் கீழே ஒரு பலகை போட்டுத் தினமும் சுரண்டிவிட்டால் பாதி ஈரம் வெளியே போய்விடும். தரையில் ஆழ்கூளம், பைன் மரச் சீவல் ஓர் அரையடி. குனிந்து மோந்து பாருங்கள். கண் எரிந்தால் கூளத்தைக் கிளறிப் புதுச் சீவல் சேர்க்க வேண்டும்.

சூட்டு விளக்கு வேண்டவே வேண்டாம். கூளத்தில் விழுந்தால் கூடே எரிந்துவிடும். விழாவிட்டாலும், மின்சாரம் போகிற அன்றைக்குச் சூட்டுக்குப் பழகிய கோழி தாங்காது.

ரொறன்ரோவுக்கு வடக்கே

வயன்டாட்டை விட்டிட்டியள். ரோஜாக் கொண்டை (மண்டையோடை படிஞ்ச அகலக் கொண்டை), உருண்டைத் திரேகம், சனவரியிலும் முட்டை போடுறதை நிப்பாட்டாது. ஆனால் வாங்கேக்கை வடிவாய்ப் பாருங்கோ, சில குஞ்சு ஒற்றைக் கொண்டையோடை வரும். கலப்படம் எண்டு சண்டைக்குப் போகாதேங்கோ. ரோஜாக் கொண்டை மரபணு தாய், தேப்பன் இரண்டு பக்கத்தாலையும் வந்த சேவலுக்குக் கருத்தரிக்க வைக்கிற வீரியம் குறைவு. ஒரு பக்கத்தால மட்டும் வந்த சேவல்தான் கூடக் குஞ்சு தரும். அதாலை அந்த ஒற்றைக் கொண்டை எத்தனை தலைமுறை போனாலும் ஒளிச்சிருந்து வெளியிலை வரும். ஐஞ்சு கிழமைக் குஞ்சிலையே கொண்டை வித்தியாசம் தெரியும், அதுக்குப் பிறகு வாங்கினால் நல்லம்.

பிரம்மா இனத்துக்குப் பட்டாணிக் கொண்டை (மூண்டு வரியாய்ப் படிஞ்ச சின்னக் கொண்டை), நல்லது. காலிலை இறகு இருக்கே, அதுதான் கரைச்சல். சேறும் பனியும் அதிலை கட்டியாய் ஒட்டி விரலை உறைய வைக்கும்.

ஒட்டாவா

கலப்பினப் பழுப்புக் கோழியும் உண்டு: ஐசா பிரவுன் வருஷம் 300 போடும், குளிர்காலத்திலும் நிறுத்தாது. ஒற்றைக் கொண்டைதான், ஆனால் அளவானது. உலர்ந்த கூடும் இரண்டு வருஷக் கணக்கும் போதும் என்பவர்களுக்கு அதுதான் லாபம். மூன்றாம் வருஷம் முட்டை சட்டென்று குறையும், முட்டை ஓட்டிலும் தொல்லை வரும்.

எந்த இனமானாலும் விடைக்கோழியாக, அதாவது முட்டைக்கு வரப்போகும் இளம் பெட்டையாக வாங்குங்கள். வசந்தத்தில் பொரித்த குஞ்சு செப்டம்பர், அக்டோபரில் முட்டைக்கு வந்து முதல் குளிர்காலத்தைப் பெரும்பாலும் விளக்கில்லாமலே ஓட்டிவிடும். இரண்டாம் வருஷம் இலையுதிர் காலத்தில் இறகு உதிர்த்து முட்டையை நிறுத்திவிடும். டிசம்பர் கடைசியில் இங்கே பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை, முட்டைக்கு வேண்டியது பதினான்கு. டைமரில் ஒரு சின்ன விளக்கைப் போட்டுக் குறையை நிரப்பலாம். விடியலுக்கு முன்பாக எரிய விடுங்கள். மாலையில் நீட்டினால், விளக்கு படக்கென்று அணையும்போது கட்டை ஏறாத கோழி இருட்டில் தரையிலேயே மாட்டிக்கொள்ளும்.

வின்னிபெக்

தண்ணீர்ப் பாத்திரம் அகலமாக இருந்தால் தாடி நனைந்து அப்படியே உறையும். சூடேற்றும் அடித்தட்டின்மேல் குறுகிய விளிம்புள்ள பாத்திரம் வையுங்கள். முடிந்தால் கூட்டுக்கு வெளியே, கோழி உலாவும் வேலிக்குள்.

கொண்டை உறைந்தால் நுனி முதலில் வெளிறும், பிறகு வீங்கும், சில நாளில் கருக்கும். தேய்க்காதீர்கள், முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டாதீர்கள். வெதுவெதுப்பான அறையில் மெதுவாக இளக விட்டால் போதும். கருத்த நுனியை வெட்டவும் கூடாது. உள்ளே ஆறும் சதைக்கு அதுதான் மூடி, தானாக உதிரும். வாசலின் தடவுவதைப் பலர் சொல்கிறார்கள். ஈரம் ஒட்டாமல் கொஞ்சம் தடுக்குமே தவிர உறைவதைத் தடுக்காது.

முட்டையை ஒரு நாளில் மூன்று தடவை எடுங்கள். உறைந்து ஓடு வெடித்த முட்டையை வைத்துக்கொள்ள வேண்டாம்.