மூலையில் ‘5 வைரஸ்கள்’ என்று பெட்டி வந்துகொண்டே இருக்கிறது, ஸ்கேனில் ஒன்றும் இல்லை. உதவி தேவை

புதுத்தட்டச்சர்:
வணக்கம். மூன்று நாளாக லேப்டாப் திரையின் வலது கீழ் மூலையில் “உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்”, “பாதுகாப்புச் சந்தா முடிந்துவிட்டது” என்று பெட்டி பெட்டியாக வருகிறது. ஒன்றை மூடினால் பத்து நிமிடத்தில் அடுத்தது. விண்டோஸ் 11. விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில் முழு ஸ்கேன் இரண்டு முறை ஓட்டிவிட்டேன், சுத்தம் என்கிறது. நான் எதையும் அழுத்தவில்லை. ஃபார்மட் அடித்துவிடலாமா?

சாவிக்கொத்து:
பொறுங்கள், ஃபார்மட் எல்லாம் வேண்டாம். ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்ப ‘அலோ’ கொடுத்திருக்கிறீர்கள். அந்தத் தளம்தான் வைரஸ் என்று கூவுகிறது. பெட்டியை உற்றுப் பாருங்கள், பொடி எழுத்தில் பிரவுசரின் பெயரும் ஒரு தள முகவரியும் இருக்கும். டிஃபெண்டரே பேசினால் தள முகவரி வராது.

குரோம் என்றால் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். தெரியாத பெயரை எல்லாம் நீக்குங்கள். தளங்கள் இனி அனுமதியே கேட்கக் கூடாது என்றும் அதே பக்கத்தில் வைக்கலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், இதுவரை எதையும் இழந்ததாகத் தெரியவில்லை.

புதுத்தட்டச்சர்:
நான்கு பெயர்கள் இருந்தன, ஒன்றுகூட நான் கேள்விப்படாதது. நீக்கி ஒரு மணி நேரம் ஆகிறது, அமைதி! எங்கே மாட்டினேன் என்று இப்போது நினைவு வருகிறது. ஒரு ஃபைலை பிடிஎஃப் ஆக்கத் தேடியபோது, ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலோ அழுத்தச் சொன்னது ஒரு தளம். அதன்பின் ஏதோ கீ அழுத்தும் படியும் இருந்தது, அதையும் செய்தேன். சரி, பிரச்சினை தீர்ந்தது. மிக்க நன்றி.

பழைய மவுஸ்:
தீரவில்லை. என்ன கீ? விண்டோஸ் கீயோடு ஆர், அப்புறம் கண்ட்ரோல் வி, கடைசியில் என்டரா?

புதுத்தட்டச்சர்:
அதேதான். எப்படித் தெரியும்? ஒரு கருப்புப் பெட்டி மின்னி மறைந்தது. அவ்வளவுதான்.

பழைய மவுஸ்:
முதலில் அந்த லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு போனிலிருந்து எழுதுங்கள்.

2024-லிருந்து பரவலாக நடக்கும் ஏமாற்று இது. நீங்கள் ‘நான் ரோபோ இல்லை’ கட்டத்தைத் தொட்டபோதே அந்தப் பக்கம் உங்கள் கிளிப்போர்டில், அதாவது காப்பி செய்தவை தங்கும் இடத்தில், ஒரு கட்டளையை வைத்துவிட்டது. விண்டோஸ் கீயும் ஆரும் கட்டளைகளை ஓட்டும் ரன் பெட்டியைத் திறக்கும், கண்ட்ரோல் வி அந்தக் கட்டளையை ஒட்டும், என்டர் ஓட்டும். மூன்றையும் உங்கள் கையாலேயே செய்ய வைத்துவிட்டார்கள். ரன் பெட்டி சின்னது என்பதால் கட்டளையின் வால் மட்டும்தான் கண்ணில் படும். அந்த வாலில் ‘நான் ரோபோ இல்லை’ என்று எழுதி வைப்பார்கள்.

சந்தேகம் இருந்தால் ரன் பெட்டியைத் திறந்து வலப்பக்க அம்புக்குறியைச் சொடுக்குங்கள். முன்பு ஓட்டியவை வழக்கமாக அங்கே இருக்கும். பவர்ஷெல் அல்லது எம்எஸ்ஹெச்டிஏ (இரண்டும் விண்டோஸிலேயே இருக்கும், கட்டளைகளை ஓட்டும் நிரல்கள்) என்று தொடங்கும் நீளமான வரி இருக்கிறதா? என்டர் மட்டும் தட்டிவிடாதீர்கள்.

மின்னல்வேகம்:
எதற்கு இவ்வளவு பயம்? இலவச கிளீனர் ஒன்று இருக்கிறது, போட்டால் ஐந்து நிமிடத்தில் சுத்தம். லிங்க் அனுப்பவா?

சாவிக்கொத்து:
வேண்டாம் தம்பி. முன்பின் தெரியாத லிங்கால்தான் அவர் இங்கே வந்து நிற்கிறார்.

புதுத்தட்டச்சர்:
இருக்கிறது, பவர்ஷெல் என்றுதான் தொடங்குகிறது. கை நடுங்குகிறது. ஆனால் ஸ்கேன் சுத்தம் என்றதே? மெயிலுக்கு ஓடிபி வேறு வைத்திருக்கிறேன்.

பழைய மவுஸ்:
இந்த வழியில் பெரும்பாலும் வருவது தகவல் திருடும் நிரல். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, கார்டு விவரம், குக்கி எல்லாவற்றையும் அள்ளி அனுப்பிவிட்டுத் தன்னையே அழித்துக்கொள்ளும் வகைகள் உண்டு. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவனை ஸ்கேன் எங்கே தேடும்?

ஓடிபியும் இங்கே முழுக் காவல் இல்லை. நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டீர்கள் என்பதற்கான சீட்டுதான் குக்கி. அதைத் தன் பிரவுசரில் வைத்துக்கொண்டால் பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்காமலே திருடனுக்குக் கதவு திறக்கலாம். அதனால் பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் கொடுக்க வேண்டும்.

எல்லாம் போனிலிருந்தே. அந்த லேப்டாப்பில் மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் போய்ச் சேரலாம். முதலில் மெயில், ஏனென்றால் மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை அதை வைத்தே மாற்றிவிடலாம். அடுத்து வங்கி, கார்டு எண் பிரவுசரில் இருந்தால் வங்கியிடம் சொல்லி முடக்குங்கள். அப்புறம் வாட்ஸப்பில் லிங்க்டு டிவைசஸ் பட்டியலைப் பார்த்து, அதில் இருப்பவற்றை வெளியேற்றுங்கள். பிரவுசரில் சேமித்திருந்த மற்றவை எல்லாம் போய்விட்டதாகவே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை.

மெயிலில் ஃபார்வர்டிங், ஃபில்டர், மீட்பு எண் மூன்றையும் பார்க்க மறக்காதீர்கள்.

கடைசியாக லேப்டாப். நீங்கள் முதலில் கேட்ட ஃபார்மட் இப்போது வேண்டியதாகிவிட்டது! ரீசெட்டில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ கொடுங்கள்.

புதுத்தட்டச்சர்:
மெயிலில் நான் போடாத ஃபில்டர் ஒன்று இருந்தது. வங்கியிலிருந்து வருவதை எல்லாம் நேராகக் குப்பைக்கு அனுப்பும்படி வைத்திருக்கிறான். அழித்துவிட்டு, எல்லா இடத்திலும் வெளியேறி, பாஸ்வேர்டும் மாற்றிவிட்டேன். வங்கியிலும் பேசிவிட்டேன், பணம் எதுவும் போகவில்லை. ரீசெட்டுக்கு முன் போட்டோ, வேர்டு ஃபைல்களை பென்டிரைவில் எடுக்கலாமா?

பழைய மவுஸ்:
எடுக்கலாம். போட்டோ, டாக்குமென்ட் மட்டும். நிரல், இன்ஸ்டாலர், ஜிப் எதுவும் வேண்டாம். அந்த டவுன்லோட்ஸ் ஃபோல்டரை அப்படியே விட்டுவிடுங்கள்.