பேக்ஸ்கேட்டருக்கு ‘துகள்தெறிப்பு’: என் பரிந்துரையும் காரணங்களும்

அனைவருக்கும் வணக்கம்.

நீருக்கடியில் மிக அருகிலிருந்து எடுக்கும் படங்களுக்காக நம் குழு தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் வில்லை (லென்ஸ்), குவியத்தொலைவு, உருப்பெருக்கம் ஆகியவை பாடநூல்களிலேயே இருப்பதால் சிக்கல் இல்லாமல் முடிந்துவிட்டன. ஸ்ட்ரோப் (கேமராவுக்கு வெளியே மாட்டும் ஃபிளாஷ்) அப்படியே இருக்கட்டும் என்பதையும் ஏற்றுக்கொண்டோம். பேக்ஸ்கேட்டரில்தான், அதாவது ஃபிளாஷ் ஒளி நீரில் மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்புவதால் படத்தில் விழும் பொட்டுகளுக்கான சொல்லில்தான், நின்றுபோயிருக்கிறோம். இதுவரை வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டு, என் பரிந்துரையைக் காரணங்களோடு வைக்கிறேன்.

கடலில் இறங்காதவர்களும் குழுவில் இருப்பதால் முதலில் சொல்லின் பொருளைப் பார்த்துவிடுவோம். தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்குகிறது. ஐந்து மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு பெருமளவு போய்விடும். அதற்கும் கீழே செக்கச்செவேலென்ற கடல்விசிறியும் (விசிறி போன்ற பவள வகை) சாம்பல் கலந்த பழுப்பாகத்தான் தெரியும். நிறம் வேண்டுமானால் வெளிச்சத்தை நாமே கொண்டுபோக வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சிறிய காம்பாக்ட் கேமராவில் ஃபிளாஷ் வில்லைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் ஒளி, பொருளைத் தொடுமுன் நடுவில் மிதக்கும் மணல்தூள், மிதவையுயிரிகள், பாசித் துணுக்குகள் எல்லாவற்றின் மேலும் பட்டு, வந்த வழியே வில்லைக்குத் திரும்புகிறது. அழகான ஓடில்லாத கடல்நத்தையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். வில்லைக்கு மிகக் கிட்டே இருக்கும் துகளாக இருந்தால் குவியம் தப்பி, பெரிய வட்டத் தட்டாகவே விழும்.

இனி வந்த பரிந்துரைகள்.

> இயற்பியலில் ‘சிதறல்’ இருக்கிறது. ‘பின்சிதறல்’ என்று நேரடியாக வைத்தால் என்ன?

ரேடார், சோனார், எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆகியவற்றுக்குப் ‘பின்சிதறல்’ மிகச் சரி. அங்கே அது ஒரு நிகழ்வு, அளந்து பயன்படுத்தும் குறிப்பலை. படம் எடுப்பவருக்கு அது படத்தில் விழுந்த குறை. ‘பின்சிதறல்’ என்று கேட்கும் புதியவர், பொருளுக்குப் பின்னால் ஏதோ சிதறிக் கிடப்பதாகத்தான் நினைப்பார். உண்மையில் கோளாறு நடப்பது பொருளுக்கு முன்னால், கேமராவுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள தண்ணீரில். ‘பின்’ என்பது ஒளி திரும்பும் திசையைச் சொல்கிறது என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கும். அதை இயற்பியலுக்கு விட்டுவிடுவோம்.

> மீனவர்கள் ‘கலங்கல்’ என்கிறார்களே, ஏன் புதுச்சொல்?

கலங்கல் எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் அது தண்ணீரின் நிலை. வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுநீர் கடலில் கலக்கும்போது நம் கிழக்குக் கரையோரம் வருவது கலங்கல். படத்தில் விழும் பொட்டு வேறு. மே முதல் செப்டம்பர் வரை இலங்கையின் நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் தண்ணீர் தெளிந்து கிடக்கும் பருவத்திலும், ஃபிளாஷை நேருக்கு நேர் அடித்தால் பொட்டு விழும். கலங்கலான தண்ணீரிலும், ஒளியைப் பக்கவாட்டிலிருந்து கொடுத்தால் ஓரளவு சுத்தமான படம் கிடைக்கும். காரணம் வேறு, விளைவு வேறு. கலங்கலை டர்பிடிட்டிக்கு (நீர் கலங்கியிருக்கும் தன்மைக்கு) வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

‘பனித்தூவல்’ கேட்க இனிமைதான். ஆனால் ஆழ்கடலுக்குள் இடைவிடாமல் உதிர்ந்து இறங்கும் உயிர்க்கழிவுத் துணுக்குகளைக் கடலியலில் ‘கடற்பனி’ என்கிறோம். இரண்டும் குழம்பும். ‘துகளொளிர்வு’ கூடவே கூடாது. ஒளிர்தல் என்றால் தானாக ஒளி விடுவது. இரவு முக்குளிப்பில் உண்மையாகவே ஒளிரும் உயிரிகளைப் பார்க்கிறவர்களுக்கு அந்தச் சொல் தேவைப்படும்.

என் பரிந்துரை ‘துகள்தெறிப்பு’.

தமிழ்நாட்டில் தெறிப்பு என்றால் சேறு தெறிப்பது, எண்ணெய் தெறிப்பது. படத்தைப் பார்த்தவுடன் மனதில் எழும் வினையும் அதுதான். ஈழத்துப் பாடநூல்களிலோ தெறிப்பு என்றாலே ஒளி திரும்புவது: நாம் ‘எதிரொளிப்பு’ என்று படித்ததை அவர்கள் ‘ஒளித்தெறிப்பு’ என்று படிக்கிறார்கள், படுகதிர், தெறிகதிர் எல்லாம் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொற்கள். ஆக, இங்கே ஒருவர் படத்தின் தோற்றத்தை நினைப்பார், அங்கே ஒருவர் அதன் காரணத்தை நினைப்பார், இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்கள். இரு கரைக்கும் பொதுவாக ஒரு கலைச்சொல் இவ்வளவு இயல்பாக அமைவது அரிது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம், இது வினையாகவும் வரும். ‘படம் முழுக்கத் துகள் தெறித்திருக்கிறது’, ‘ஸ்ட்ரோபை இன்னும் அகலமாக வை, துகள் தெறிக்காது’ என்று படகில் உட்கார்ந்து பேசலாம். ‘பின்சிதறியிருக்கிறது’ என்று யாரும் பேசப்போவதில்லை.

> ள் முன் த வந்தால் ட்ட ஆகும். ‘துகட்டெறிப்பு’ என்றல்லவா எழுத வேண்டும்?

இலக்கணப்படி ஐயா சொல்வது சரி. ஆனால் ‘மக்கள்தொகை’ என்றுதான் நாடு முழுக்க அச்சிடுகிறார்கள், ‘மக்கட்டொகை’ என்று எழுதுவதில்லை. புதுச்சொல்லின் இரண்டு உறுப்புகளும் பார்த்தவுடன் அடையாளம் தெரிய வேண்டும். புணர்த்தி எழுதினால் துகளும் மறைந்துவிடும், தெறிப்பும் மறைந்துவிடும்.

நல்ல கலைச்சொல் தீர்வையும் காட்ட வேண்டும் என்று நம் குழுவிலுள்ள அக்கா ஒருவர் முன்பு எழுதியிருந்தார். அதையும் இந்தச் சொல்லோடு பொருத்திப் பார்த்தேன். தெறிப்பதற்குத் துகள் வேண்டும், அதன்மேல் நேராக ஒளி பட வேண்டும். ஆகவே செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, இடையிலுள்ள தண்ணீரைக் குறைப்பது, அதாவது கிட்டே போவது. இன்னொன்று, ஒளியை வில்லையிலிருந்து விலக்குவது. கேமராவின் ஃபிளாஷை மறைத்துவிட்டு, ஒளியிழைக் கம்பி வழியாக வெளி ஸ்ட்ரோபை இயக்குகிறார்கள். நீண்ட கையில் அதை மாட்டி, சற்று வெளிப்பக்கமாகத் திருப்பினால் ஒளிக்கூம்பின் ஓரம் மட்டும் பொருளைத் தொடும். வில்லைக்கு முன்னாலுள்ள தண்ணீர் இருட்டாகவே இருக்கும்.

கிட்டே போவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒலிம்பஸ் டிஜி-6 போன்ற கேமரா ஒரு சென்டிமீட்டர் தூரத்திலிருந்தே குவியும். ஆனால் அவ்வளவு நெருங்கினால் கேமராவின் நிழலே பொருளை மூடிவிடும். இந்தோனேசியாவின் லெம்பே நீரிணையில் குள்ளக் கடல்குதிரையைப் படமெடுக்கப் போகிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள். 1970-இல் ஹிப்போகாம்பஸ் பார்கிபான்டி என்று அறிவியல் பெயர் பெற்ற இந்தக் கடல்குதிரை இரண்டு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் உயிர். ஒரே கடல்விசிறியில் வால் சுற்றி வாழ்வது. அதன் முகத்தருகே கேமராவைக் கொண்டுபோனால் திரும்பிக்கொள்ளும். அதைத் தொடவோ கிளையை வளைக்கவோ கூடாது. எனவே ஒரு கையளவு தள்ளி நின்று, வில்லையைத் தூரமுனைக்குப் பெரிதாக்கி (ஜூம் செய்து), கேமராவின் நீர்புகா உறையின் முகப்பில் இன்னொரு அண்மை வில்லையை மாட்டி எடுக்கிறார்கள். தள்ளி நின்றால் இடையில் தண்ணீர் கூடும், துகளும் கூடும். அடிமணலில் காலில் மாட்டிய துடுப்பு பட்டுவிட்டால் பிறகு படமே இல்லை. ‘அண்மைப்படத்தில் இந்தப் பிரச்சினை வராது’ என்று முதல் மடலில் வந்த கருத்தை இதனால்தான் ஏற்க முடியவில்லை. குறையும், ஆனால் வராமல் போகாது.

பட்டியலில் இப்படிப் பதியலாம்:

துகள்தெறிப்பு (பெ.): ஃபிளாஷ் அல்லது விளக்கொளி, கேமராவுக்கும் பொருளுக்கும் இடையே நீரில் மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்புவதால் படத்தில் விழும் வெண்பொட்டுகள்.

நுண்துகள்களால் படம் முழுவதும் வெளிறி, பொட்டாக இல்லாமல் திரையாகப் படர்வதையும் இதே சொல்லுக்குள் அடக்கலாமா என்பது மட்டும் எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. ‘மங்கல்’ என்று தனியாக வைக்கலாம் என்று தோன்றுகிறது. இயற்பியல் ஆசிரியர்கள் சொல்லட்டும்.

மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடும் எழுதுங்கள். நீருக்கடியிலேயே மாட்டிக் கழற்றக்கூடிய வெட் லென்ஸுக்கு வந்திருக்கும் ‘ஈரவில்லை’ பற்றித் தனி இழையில் பேசுவோம். உறையின் மேல் மாட்டுவதால் ‘மேல்வில்லை’ என்று அங்கே முன்மொழிய இருக்கிறேன்.

அன்புடன்.