பொதுச் சுகாதார ஆய்வகத்தில் வைராலஜிஸ்ட் வேலை: அன்றாடம் என்ன இருக்கும்?

கடைசி_செமஸ்டர்:
எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடிக்கப்போகிறேன். வைராலஜிதான் என்று முடிவாகிவிட்டது. பல்கலைக்கழக ஆராய்ச்சியா, பொதுச் சுகாதார ஆய்வகமா என்பதில்தான் குழப்பம். "அங்கே போனால் பாசிட்டிவ், நெகட்டிவ் சொல்லிக்கொண்டே காலம் போய்விடும்" என்கிறார்கள். உண்மையா? பிசிஆர் (வைரஸ் மரபணுவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் சோதனை) போடத் தெரிந்தால் போதுமா? பிஎச்.டி. இல்லாமல் மேலே வர முடியுமா?

செல்வளர்ப்பு:
அந்த ஒரு "பாசிட்டிவ்" எப்படி வருகிறது என்று போலியோவை வைத்துப் பாருங்கள். 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திடீரென்று கை அல்லது கால் துவண்டுபோனால் மல மாதிரி எடுத்தாக வேண்டும். ஒன்று போதாது, இரண்டு. இடையில் குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும், இரண்டும் துவண்ட 14 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். வைரஸ் விட்டுவிட்டு வெளியேறுவதால் ஒன்றை மட்டும் நம்பினால் கோட்டை விடுவோம். ஒவ்வொன்றும் சுமார் 8 கிராம், 2–8 டிகிரி செல்சியஸில், எடுத்த 3 நாளுக்குள் வந்து சேர வேண்டும். பெட்டியைத் திறந்ததும் ஐஸ் மிச்சமிருக்கிறதா, டப்பா கசிந்திருக்கிறதா, படிவத்தின் எண்ணும் டப்பாவின் எண்ணும் ஒத்துப்போகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஐஸ் உருகி, சூடேறி வந்த மாதிரியில் கிடைக்கும் நெகட்டிவை நம்ப முடியாது.

அடுத்து செல் வளர்ப்பு. எல்20பி என்பது மனிதப் போலியோ ஏற்பியை (போலியோ வைரஸ் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழையும் புரதத்தை) புகுத்திய எலி செல். அதில் பெரும்பாலும் போலியோதான் வளரும். ஆர்டி என்ற இன்னொரு செல் வகையில் போலியோவின் உறவுக்கார வைரஸ்களான மற்ற என்டிரோவைரஸ்களும் வளரும். வைரஸ் தாக்கிச் செல்கள் உருண்டு தளத்தை விட்டுக் கழன்று வருகின்றனவா என்று தினமும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். வளர்ந்த வைரஸின் விபி1 பகுதியை (மேலுறைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவை), ஏறத்தாழ 900 மரபணு எழுத்துகளை, வரிசைப்படுத்துவார்கள். அதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் மாறும் என்பதால், எவ்வளவு காலம் யார் கண்ணிலும் படாமல் சுற்றியது என்று கணிக்கலாம். 2ஆம் வகை வைரஸ் தடுப்பூசி வைரஸிலிருந்து 6 அல்லது அதற்கு மேல் எழுத்துகள் விலகியிருந்தால், 1, 3ஆம் வகைகளில் 10 அல்லது அதற்கு மேல் என்றால், அது தடுப்பூசியிலிருந்து பிறழ்ந்த வைரஸ். அந்த அறிக்கை போனால் தடுப்பூசி முகாமே கிளம்பும். இதையும் "வெறும் பாசிட்டிவ்" என்பவர்களிடம் என்ன சொல்ல!

என்டிசி_காவலர்:
பிசிஆர் போடுவதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். கெடாமல் போடுவதுதான் கஷ்டம். வினைக்கலவை தயாரிக்க ஓர் அறை, மாதிரிக்கு ஓர் அறை, பெருக்கிய பொருளுக்கு ஓர் அறை; வேலை ஒரே திசையில்தான் நகர வேண்டும். பெருக்கிய குழாயை முதல் அறைக்குக் கொண்டுபோய்த் திறந்தால் என்டிசி (மாதிரியே சேர்க்காமல் ஓட்டும், நெகட்டிவாகவே வர வேண்டிய குழாய்) பாசிட்டிவ் ஆகும். அந்த ரன் முழுவதும் குப்பைக்கு.

சிடி மதிப்பு (எத்தனையாவது பெருக்கல் சுற்றில் வைரஸ் தென்பட்டது என்ற எண்) 3.3 கூடினால் வைரஸ் மரபணு அளவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். ஆனால் இரண்டு வேறு கிட்களின் சிடியை ஒப்பிடாதீர்கள். 37, 38ஆம் சுற்றில் ஒற்றை வளைவு எழும்பினால் அதே ஆர்என்ஏவை மறுபடி ஓட்டிப் பயனில்லை, மூல மாதிரியிலிருந்து புதிதாகப் பிரித்தெடுத்து ஓட்டுங்கள்.

மாதிரி எடுப்பதிலும் கண் வைக்க வேண்டும். கால்சியம் ஆல்ஜினேட் பஞ்சும் மரக்குச்சியும் பிசிஆரைத் தடுக்கும்; பாலியெஸ்டர் அல்லது நைலான் முனையும் பிளாஸ்டிக் தண்டும்தான் சரி. தானாகப் பனி உருக்கும் ஃப்ரீசரில் மாதிரி வைத்தால், சூடேறி உறைந்து, சூடேறி உறைந்து வீணாகும். நீண்ட நாள் வைக்க மைனஸ் 70 டிகிரி வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: குவானிடின் தையோசயனேட் உள்ள லைசிஸ் கரைசல் (வைரஸை உடைத்து மரபணுவை வெளியே எடுக்கும் கரைசல்) கொட்டினால் மேலே பிளீச் ஊற்றிவிடாதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

பனிக்கட்டி:
மேலே சொன்னதோடு ஒன்று. உலர் பனிக்கட்டியில் அனுப்பும்போது குழாய் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே போய் அமிலத்தன்மை ஏறி ஃப்ளூ வைரஸ் செத்துவிடும். வெளிப்பெட்டியோ காற்றுப் புகாமல் மூடப்படவே கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும். இரண்டையும் மாற்றிச் செய்பவர்கள் உண்டு.

கடைசி_செமஸ்டர்:
மிக்க நன்றி. பிஎச்.டி. பற்றி யாராவது?

எண்_கணக்கு:
மேசை வேலைக்கும் குழுவை மேற்பார்க்கவும் கட்டாயமில்லை. தேசிய அளவிலான மேற்கோள் ஆய்வகத்துக்கு (மற்ற ஆய்வகங்களின் முடிவுகளை உறுதிசெய்யும் ரெஃபரன்ஸ் ஆய்வகம்) தலைமை ஏற்கவோ, புதிய சோதனைமுறை வடிவமைக்கவோ நினைத்தால் இல்லாமல் சிரமம்தான். இப்போதே கற்க வேண்டியது ஐஎஸ்ஓ 15189 என்ற மருத்துவ ஆய்வகத் தரமுறையும் கொள்ளைநோயியலும் (நோய் மக்களிடையே எப்படிப் பரவுகிறது என்று ஆராயும் துறை). பலர் ஒதுக்குவது இரண்டாவதைத்தான், அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கணக்குப் போடுங்கள். 10,000 பேரில் 100 பேருக்குத் தொற்று, சோதனையின் உணர்திறன் (தொற்று உள்ளவரைப் பாசிட்டிவ் என்று பிடிப்பது) 95 சதவீதம், குறித்தன்மை (தொற்று இல்லாதவரை நெகட்டிவ் என்று சொல்வது) 98 சதவீதம். உண்மையான பாசிட்டிவ் 95, பொய்யானது 198. அதாவது வந்த பாசிட்டிவில் மூன்றில் ஒன்றுதான் நிஜம். தட்டம்மை ஏறத்தாழ ஒழிந்த இடத்தில் ஐஜிஎம் சோதனையில் (தொற்று வந்ததும் முதலில் உருவாகும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடும் சோதனை) நடப்பது இதுதான்: பார்வோவைரஸ் பி19 என்ற வேறொரு வைரஸின் தொற்றும் ருமட்டாய்டு காரணியும் (மூட்டுவாத நோயாளிகள் பலரின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள்) பொய்ப் பாசிட்டிவ் தரும், சமீபத்தில் போட்ட தடுப்பூசியும் பாசிட்டிவ் காட்டும். தடிப்பு வந்த முதல் 3 நாளில் எடுத்த ரத்தம் நெகட்டிவாகவும் இருக்கலாம். அதனால் தடிப்பு என்று தொடங்கியது, கடைசி ஊசி எப்போது என்ற இரண்டு தேதிகளும் இல்லாத படிவத்தை வைத்து முடிவு எழுதாதீர்கள். போன் போட்டுக் கேட்டு வாங்கிவிட்டு எழுதுங்கள்.