ஆஃப்ஸ்டெட்டிலிருந்து (இங்கிலாந்தில் பள்ளிகளையும் குழந்தைப் பராமரிப்பையும் ஆய்வு செய்யும் அமைப்பு) வீட்டைப் பார்க்க வரும்போது எதைக் கவனிப்பார்கள்?

கேள்வி:
லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். சைல்ட்மைண்டராக, அதாவது வீட்டிலேயே பிறர் குழந்தைகளைக் கட்டணத்துக்குப் பார்த்துக்கொள்பவராகப் பதிய விண்ணப்பித்திருக்கிறேன், அடுத்த வாரம் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். மாடிப்படிக்கு கேட் போட்டாச்சு, 12 மணி நேரக் குழந்தைகள் முதலுதவிப் பயிற்சியும் முடிந்தது. வேறென்ன செய்யணும்? ராத்திரி தூக்கமே வரவில்லை.

பதில் 1:
பயப்படாதீங்க தங்கச்சி. முழங்காலில் தவழ்ந்து ஒவ்வோர் அறையாகப் பாருங்க, அப்போதுதான் ஜன்னல் திரையின் தொங்கும் கயிறு, சிங்க்குக்குக் கீழே இருக்கும் ப்ளீச், கட்டிலோரம் வைத்த மாத்திரை எல்லாம் கண்ணில் படும். எங்கள் வீட்டில் சாமி விளக்கும் தீப்பெட்டியும் தரையோடு இருந்தன, மேல் அலமாரிக்கு மாற்றினேன். புகை அலாரத்தை அமுக்கிப் பார்த்துடுங்க.

பதில் 2:
வீட்டைவிட உங்கள் பதில்கள்தான் முக்கியம். குழந்தையின் முதுகில் காயம் பார்த்தால் யாருக்குச் சொல்வீர்கள், எதை எழுதி வைப்பீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பொதுவாக ஒரே நேரத்தில் 8 வயதுக்குட்பட்டவர்கள் 6 பேரைத்தான் பார்த்துக்கொள்ளலாம், அதில் 5 வயதுக்குட்பட்டவர்கள் 3 பேர்தான்; நம் சொந்தப் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் சேரும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அப்புறம், வீட்டில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோருக்கும் டிபிஎஸ் சோதனை (குற்றப் பின்னணிச் சோதனை) வேண்டும்.

கேட்டவர்:
மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், அவருக்கும் வேண்டுமா?

பதில் 2:
கட்டாயம் வேண்டும். அவருடைய மருந்துப் பெட்டிக்கும் ஒரு பூட்டு வாங்குங்கள்.